பிரேக்குக்கு எண்ணெய் வைத்த உச்சிமாகாளி

உச்சிமாகாளிக்கு மனிதர்களின் முதுகு அலுத்துப்போனபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். மதுரை முதுகு, தஞ்சாவூர் முதுகு, மெட்ராஸ் வக்கீல் முதுகு என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. தேய்க்கிற நேரத்தில் அவரிடம் உலக நியாயமெல்லாம் பேசுகிறவர்கள், குளித்து வேட்டி மாற்றியதும் அவர் யாரென்றே தெரியாத மாதிரி நடந்துபோவார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. தென்காசி வட்டாரத்தில் கலெக்டருக்கு அடுத்தபடியாக ஊர் திரும்பிப் பார்த்த ஆள் கார் டிரைவர்தான். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக அவர் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் தாமாகவே நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த இடத்தில் ஒருநாள் தாமும் உட்கார வேண்டும் என்று உச்சிமாகாளிக்கு ஆசை வந்துவிட்டது.

தென்காசியில் அரிசி மில் வைத்திருந்த சங்கரநாராயணன் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருவார். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தம் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்விட்டான் என்று புலம்பினார். உச்சிமாகாளி கையை நிறுத்தாமலே, தாம் கொழும்பில் லாரி ஓட்டியவன் என்று சொன்னார். அவர் கொழும்பைப் பார்த்ததில்லை. தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலைப் பார்த்ததோடு சரி. முதலாளி குப்புறப் படுத்திருந்ததால் சொன்னவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நம்பிவிட்டார்.

லாரி வேறு, கார் வேறு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மில் களத்தில் நெல் காயப்போடாத நாளாகப் பார்த்து வண்டி ஓட்டப் பழகினார். சில கோழிகளும் ஒரு ஆட்டுரலும் பலியாயின. பிறகு சுமாராக ஓட்ட வந்துவிட்டது. லைசென்ஸும் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று நாம் கேட்க வேண்டாம்.

தொப்பி வந்த கையோடு பெண்ணும் வந்தது. செங்கோட்டையைத் தாண்டிக் கணவாய் ஏறினால் மலைமேல் ஆரியங்காவு. அந்த ஊர் மாரித்தாய், அதற்கு முன்னால் வந்த ஒரு வரனை, ஊரான் முதுகு தேய்க்கிற கையால் தனக்குத் தாலி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள். உச்சிமாகாளி பெண் பார்க்கப் போனது காரில். பழைய தொழிலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்து குற்றாலத்துக்காரிகள் யாரோ அவள் காதில் போட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"தொப்பி இருக்க வரைக்கும் நான் இங்கன இருப்பேன். அது போன அன்னைக்கு நானும் ஆரியங்காவுக்குப் போயிருவேன். பெறவு கூப்பிட வரக்கூடாது."

அவள் சொன்னால் செய்வாள் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அவள்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம் வேறு. அதனால் தொப்பியை ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

முப்பத்தேழாம் வருஷம் முதலாளிக்குப் புத்தி கொஞ்சம் பிசகியது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய கார் நிற்க, பம்பாயிலிருந்து ரயிலில் ஒரு பந்தயக் காரை வரவழைத்தார். சிவப்பு நிறம். கூரை கிடையாது. வருஷத்தில் மூன்று மாதம் சாரல் அடிக்கிற ஊரில் கூரையில்லாத கார் வாங்கிய ஒரே மனிதர் என்று ஊர் சிரித்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்று பேர்தான். சங்கரநாராயணன் உட்கார்ந்தால் ஒன்றரை ஆள் இடம் போய்விடும். மீதி இடத்தில் ஒடுங்கிக்கொண்டு உச்சிமாகாளி ஓட்ட வேண்டும்.

சிவகிரியிலிருந்து வந்து தென்காசியில் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் அருமைநாயகத்திடமும் அதே மாதிரி ஒரு கார் இருந்தது, பச்சை நிறத்தில். இரண்டு பேரும் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள். யார் கார் வேகம் என்று சீட்டாட்டத்தில் கிளம்பிய பேச்சு முற்றி, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று முடிவானது. தென்காசியில் கிளம்பி மேலகரம் வழியாகக் குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, செங்கோட்டையிலிருந்து திரும்பத் தென்காசி. முக்கோணமாகக் கிடக்கும் இந்த ரோட்டை மூன்று தடவை சுற்றி யார் முதலில் வருகிறாரோ அவர் ஜெயித்தவர். விதி அவ்வளவுதான். முதலாளி உச்சிமாகாளியைக் கூப்பிட்டு, ஜெயித்தால் சட்டைக்குப் பித்தளைப் பொத்தான், தோற்றால் தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சீமையைச் சேர்ந்தது. குற்றாலத்தைத் தாண்டியதும் ஒரு சுங்கச்சாவடி, செங்கோட்டையை விட்டு வெளியே வரும்போது இன்னொன்று. ரோட்டின் குறுக்கே மூங்கில் கிடக்கும். வண்டி நின்று, காவலர் வந்து புகையிலை கிகையிலை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் மூங்கில் மேலே போகும். பந்தயமாக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன, நின்றுதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பறந்துவருகிற காரைச் சுற்றுக்கு இரண்டு தடவை அடியோடு நிறுத்த வேண்டும். போதாக்குறைக்குக் குற்றாலத்தில் சீசன் கூட்டம், மேலகரத்தில் மாட்டு வண்டி.

ஒத்திகையில் முதல் சுற்று ஒழுங்காக நடந்தது. இரண்டாவது சுற்றில் சக்கரத்திலிருந்து மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது. மூன்றாவது சுற்றில் செங்கோட்டைச் சாவடிக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் கார் தன் பாட்டுக்குப் போனது. கியரை இறக்கி, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்து, மூங்கிலுக்கு ஒரு முழம் இப்பால் நிறுத்தினார். சக்கரத்துக்குள் இருக்கிற டிரம் என்ற இரும்பு வட்டம் பழுக்கக் காய்ந்திருந்தது. அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய லைனிங், சூடு தாங்காமல் பிடியை விட்டுவிட்டது. சங்கரநாராயணன் வாய்க்காலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தம் கையாலேயே சக்கரத்தில் கொட்டினார். டிரம் படீரென்று சத்தம் போட்டு விரிசல் விட்டது. மதுரையிலிருந்து வேறு டிரம் வரவழைக்க வேண்டியதாயிற்று.

டாக்டருக்கும் இதே தொல்லைதான். அவர் உட்கார்ந்து யோசித்தார். சக்கர மூடிகளைக் கழற்றி எறிந்தார். தகரத்தில் புனல் மாதிரி செய்து, எதிர்க்காற்று நேரே டிரம்மில் அடிக்கும்படி முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் கட்டினார். முதல் சுற்றில் விரட்டுவது, இரண்டாவதில் நிதானமாகப் போய் பிரேக்கை ஆறவிடுவது, மூன்றாவதில் மறுபடி விரட்டுவது என்று திட்டமும் போட்டார். எல்லாமே சரியான யோசனை. அதனால்தான் தோற்றார்.

உச்சிமாகாளி தம் பழைய தொழில் வழியில் யோசித்தார். குற்றாலத்துக்காரன் எவனிடமாவது போய் உடம்பெல்லாம் சூடு என்று சொல்லிப் பாருங்கள். முதலில் எண்ணெய், அப்புறம் அருவி என்பான். எண்ணெய் வைக்காமல் காய்ந்த உடம்போடு அருவிக்குள் போனால் ஜன்னி கண்டுவிடும் என்று அவர் எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். முதலாளி செய்த தப்பு அதுதான் என்று அவருக்குப் பட்டது. எண்ணெய் வைக்காமல் தண்ணீர் ஊற்றினால் இரும்பானால்தான் என்ன, தாங்குமா?

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கார்க் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டார். சக்கரங்களைக் கழற்றினார். சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டோடு எடுத்து, டிரம்மின் உட்புறத்திலும் லைனிங்கிலும் நீவி நீவித் தேய்த்தார். வக்கீல்களுக்குக்கூட அவ்வளவு சிரத்தையாகத் தேய்த்ததில்லை. நான்கு சக்கரமும் எண்ணெயைக் குடித்தன. முதலாளியிடம் சொன்னால் இது தம் யோசனை என்று சொல்லிக்கொள்வார் என்பதால் சொல்லவில்லை. மனசு நிறைந்துபோய் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் குற்றாலத்துச் சந்தியில் பிரேக்கை மிதித்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. கால் மிதித்தது, கார் கேட்கவில்லை. எண்ணெய் போட்ட லைனிங் டிரம்மைத் தடவிக்கொடுத்ததே தவிரப் பிடிக்கவில்லை. சாலையில் நின்றவர்கள் ஓரத்துச் சாக்கடையில் குதித்தார்கள். அடுத்தாற்போல் சுங்கச்சாவடி. மூங்கில் இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு காருக்குள்ளேயே ஏறிக்கொண்டது.

இஞ்சினை அணைத்து உருட்டிவிட்டிருந்தால் எங்கேயாவது நின்றிருக்கும். நின்றால் முதலாளி ஏன் என்று கேட்பார். எண்ணெயைச் சொல்ல வேண்டும். சொன்னால் தொப்பி போகும், தொப்பி போனால் மாரித்தாய் போய்விடுவாள். அதற்கு உயிர் போவதே தேவலை என்று ஓட்டினார்.

சங்கரநாராயணனுக்கு முதலில் குலை நடுங்கிவிட்டது. பிறகு திரும்பிப் பார்த்தார். டாக்டரின் பச்சைக் கார் ஒடிந்த மூங்கிலுக்கு முன்னால் ஒழுங்காக நின்று, சோதனைக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதோடு அவருக்குப் பயம் போய்விட்டது. விடாதே, விடாதே என்று உச்சிமாகாளியின் தொடையில் அடிக்க ஆரம்பித்தார். அடுத்த சுற்றிலிருந்து சிவப்புக் கார் தூரத்தில் தெரிந்ததுமே காவலர்கள் மூங்கிலைத் தூக்கிவிட்டு வயலுக்குள் இறங்கி நின்றுகொண்டார்கள். டாக்டர் நிற்கிற மனிதர் என்பதால் அவருக்கு மட்டும் சோதனை குறைவில்லாமல் நடந்தது.

மூன்று சுற்றும் முடிந்து தென்காசியில் கூட்டம் கத்திக்கொண்டு நிற்க, சிவப்புக் கார் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. மேலகரத்துக்குப் பக்கத்தில் உழுது போட்டிருந்த வயலில் இறங்கி, சேற்றில் புதைந்து, தானாக நின்றது. சங்கரநாராயணன் இடுப்பளவு சேற்றில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். இந்தப் பயல் பிரேக்கையே தொடவில்லை என்று ஓடிவந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். டாக்டர், எதிராளி எந்தச் சாவடியிலும் நிற்கவில்லை என்று முறையிட்டுப் பார்த்தார். நிற்கச் சொன்னது திருவிதாங்கூர் விதி, பந்தய விதி இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டு, மூங்கிலுக்கு உண்டான அபராதத்தைச் சந்தோஷமாகக் கட்டினார்.

காரைச் சுற்றி நின்றவர்களுக்கு சீரகம் போட்ட எண்ணெய் வாசனை அடித்தது. ஏது இந்த வாசனை என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பாதியைத்தான் சொன்னார். பிரேக்குக்கு எண்ணெய் வைத்தேன், சூடே ஏறவில்லை என்றார். அதில் பொய் ஏதுமில்லை. பிடித்தால்தானே சூடு ஏறும்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. அவர் நுழைந்தால் காப்பிக் கடையில் பெஞ்சே காலியானது. பித்தளைப் பொத்தான் வந்தது. கல்யாண வீடுகளில் மாரித்தாய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சைக்கிள் வைத்திருந்தவர்களெல்லாம் பிரேக் கட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு பழக்கடைகளிலும் கோயில் தேர்ச்சக்கரத்திலும் போய் முட்டினார்கள். முட்டியவர்கள் எண்ணெயைச் சந்தேகப்படவில்லை, சீரகம் குறைந்துவிட்டது என்றார்கள். டாக்டர் அருமைநாயகம் கை கால் கட்டுப் போட வந்தவர்களிடம், பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது, அது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்று தொண்டை வற்றச் சொன்னார். தோற்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று ஊர் சொன்னது. உச்சிமாகாளி மட்டும் டாக்டர் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

தென்காசிக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடியது. அதன் டிரைவர் மாடக்கண்ணு வயதில் மூத்தவர், நிதானமான ஆள். கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடேறி நழுவும் என்று, வழியில் நிறுத்தி நிறுத்தி டிரம்மை ஆறவிட்டுத்தான் வருவார். சந்தைக்கு நேரமாகிறது என்று பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். அவரை உச்சிமாகாளி ஒருநாள் காலை பஸ் நிற்கிற இடத்தில் பார்க்க நேர்ந்தது. பஸ்ஸின் கூரையில் வாழைத்தார் ஏற்றியாகிவிட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் ஏறக் காத்திருந்தது.

"உச்சி, நம்ம வண்டிக்கும் எண்ணெய் வச்சாச்சுடே," என்றார் மாடக்கண்ணு. "ஒஞ் சரக்குதான், சீரகம் போட்டது. இனிமே எறக்கத்துல நின்னு நின்னு வர வேண்டாம்லா."

உச்சிமாகாளி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பஸ் கொட்டகையிலிருந்து இங்கே வருகிற வரை சமதளம், பிரேக் அதிகம் வேண்டியதில்லை. மலை ஏறும்போதும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும். அப்போது ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளம். வயலும் சேறும் அங்கே கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை அவர் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வண்டிய எடுக்காதீய," என்றார். "எண்ணெய் வச்சா பிரேக் பிடிக்காது."

"ஒனக்கு மட்டும் பிடிச்சுதோ?"

"எனக்கும் பிடிக்கல. மூணு சுத்தும் மிதிச்சேன், ஒரு எடத்துலயும் பிடிக்கல. நான் ஓட்டி ஜெயிக்கல அண்ணாச்சி. நிறுத்த முடியாம வந்து சேந்தேன்."

மாடக்கண்ணு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வித்தையை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இப்படிப் பேசுகிறான் என்று ஒருவர் சொன்னார். நேரமாகிறது, ஏறுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். டாக்டர் பட்ட பாட்டை உச்சிமாகாளி அன்றைக்குப் பட்டார். இவ்வளவு காலம் பொய்யை நம்பிய ஜனம் உண்மையை நம்ப மறுத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

யாரும் ஏறுவதற்குள் அவர் பஸ்ஸில் தாவி ஏறி, கியரைப் போட்டு, எதிரே இருந்த முதலாளி மில்லின் மண்சுவரை நோக்கி விட்டார். ஆள் நடக்கிற வேகம்தான். கூடவே மாடக்கண்ணு திட்டிக்கொண்டு ஓடிவந்தார். உச்சிமாகாளி கியரை எடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு காலாலும் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். நான் மிதிக்கிறேன், என் காலைப் பாருங்கள் என்று கத்தினார். எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். பஸ் கொஞ்சமும் தயங்காமல் போய்ச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு, களத்தில் காய்ந்துகொண்டிருந்த புழுங்கல் நெல்லின்மேல் ஏறி நின்றது. வாழைத்தார்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. களத்து ஓரம் குடை பிடித்துக்கொண்டு நின்ற சங்கரநாராயணன் எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார்.

சுவரையோ நெல்லையோ பற்றி முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று சுற்றும் தாம் போனது ஒரு வீரனோடு இல்லை, ஒரு முட்டாளோடு என்று தெரிந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. தொப்பியைத் தம் கையாலேயே கழற்றிக்கொண்டார். அதன்பின் போலீஸ் வந்தது, கேஸ் நடந்தது, லைசென்ஸ் பறிபோனது. டாக்டர் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் காக்கவைத்துவிட்டுச் சிரித்தார் என்று சொல்வார்கள்.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. மாரித்தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பந்தயத்திலும் பிடிக்கவில்லையா என்றாள். பிடிக்கவில்லை என்றார். அவள் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை. பஸ்ஸுக்குப் புது லைனிங் போட்டு ஓட ஆரம்பித்ததும், அதே பஸ்ஸில் ஏறி ஆரியங்காவுக்குப் போய்விட்டாள்.

உச்சிமாகாளி குற்றாலத்துக்குத் திரும்பி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் முதுகைக் காட்டினார்கள். பின்னால் உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அந்தச் சிவப்புக் காரில் கோழி அடைந்தது. உச்சிமாகாளிக்கு மட்டும் வேலை குறையவில்லை, முதுகுக்கு ரேஷன் கிடையாது. இதெல்லாம் பிற்பாடு. அந்த முதல் வருஷம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட வரக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் போகவும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. விசுத் திருவிழாவுக்கு வந்த ஒரு வியாபாரியைக் கல்லில் குப்புறப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிழலாடியது. நனைந்த சேலையோடு, கையில் பையோடு மாரித்தாய் நின்றாள். விட்டுப்போன பாத்திரத்தை எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தார்.

"கணவாய் பூராவும் மழை," என்றாள். "கீழ பாத்தா பள்ளந்தான் தெரியுது. எனக்கு முன்னால ஒருத்தி கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு இருந்தா. மாடக்கண்ணு அண்ணாச்சி வளைவுக்கு வளைவு மிதிச்சாரு. வளைவுக்கு வளைவு பிடிச்சுது."

படுத்திருந்த வியாபாரி, ஏன் கை நின்றுவிட்டது என்று கேட்டார்.

"வீட்டுச் சாவியக் குடுங்க," என்றாள் மாரித்தாய்.

அவர் கையெல்லாம் எண்ணெய். இடுப்பில் செருகியிருந்த சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.